முன்பின் தெரியாதவரிடம் தங்கக் காசு வாங்கும் முன்

தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போகும்போது, செய்கூலியும் சேதாரமும் கொடுத்து நகை வாங்குவதைவிடக் காசாக வாங்கி வைப்பதே மேல் என்று பலரும் நினைப்பது இயல்புதான். அந்த நினைப்போடு, கடைக்காரருக்கு லாபம் கொடுப்பானேன் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், விளம்பரத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ 'பழைய ராணி காசு விற்பனைக்கு' என்று வரும் செய்திகள் கண்ணில் படத் தொடங்கிவிடும். என் ஒன்றுவிட்ட தம்பி அப்படிப்பட்ட விளம்பரம் ஒன்றின் படங்களை எனக்கு அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்கண்ணா, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். நான் சவரன் எனப்படும் பழைய பிரிட்டிஷ் தங்கக் காசுகளைச் சேர்த்து வைப்பவன் என்பதால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பது அவனுடைய நம்பிக்கை. கைப்பேசிப் படத்தைப் பார்த்து ஒரு காசு தங்கமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எதைக் கொண்டு சொல்ல முடியும் என்பதை அவனுக்கு விளக்கியதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விலையைப் பற்றி. உண்மையான தங்கத்தைக் கையில் வைத்திருப்பவர் ஊரில் உள்ள எந்த நகைக்கடையில் நுழைந்தாலும், அன்றைய விலையில் சிறிது கழிவு போக மீதிப் பணத்தை அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். தங்கத்துக்கு ஆள் தேட வேண்டிய அவசியமே கிடையாது. அப்படியிருக்க, சந்தை விலையைவிடப் பத்து இருபது சதவீதம் குறைத்து முகம் தெரியாத ஒருவருக்கு விற்க ஒருவர் முன்வருகிறார் என்றால், கடைக்காரரின் உரைகல்லுக்கு முன்னால் அந்தக் காசை நீட்ட அவருக்கு ஏதோ தயக்கம் இருக்கிறது என்றுதான் பொருள். காசு போலியாக இருக்கலாம், திருட்டுப் பொருளாக இருக்கலாம். கடைக்குப் போகாததற்கு அவர் சொல்லும் காரணம் எவ்வளவு உருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கை நமக்கு வேண்டும்.

இந்தக் காரணங்களில் மிகப் பழையது புதையல் கதை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பானை நிறையக் காசு கிடைத்தது, வெளியே தெரிந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், அதனால் பாதி விலைக்குத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களிலும் கர்நாடக நாளிதழ்களிலும் எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஆனாலும் ஏமாறுபவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு அந்தக் கதை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே கதை பொய்யானால் பணம் போகும், மெய்யானால் வழக்கு வரும். சுங்கத் துறை பிடித்த தங்கம், ஏலத்தில் எடுத்த தங்கம், மருத்துவமனையில் கட்ட அவசரமாகப் பணம் வேண்டும் என்பவை எல்லாம் இதே கதையின் புதிய பதிப்புகளே.

புதையல் கதைக்காரர்கள் தங்கத்தைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்வதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "எந்தக் கடையில் வேண்டுமானாலும் உரைத்துப் பாருங்கள்" என்று அவர்களாகவே ஒன்றிரண்டு காசுகளையோ குண்டுமணிகளையோ எடுத்துக் கொடுப்பார்கள். அவை அசல் தங்கமாகவே இருக்கும். கடைக்காரரும் அசல் என்றே சொல்வார். நாம் ஓடிப்போய்ப் பணத்தைத் திரட்டிக்கொண்டு வந்து வாங்கும் பை வேறு, உரைத்துப் பார்த்த காசு வேறு. இந்த மோசடியில் கல்லும் பொய் சொல்லவில்லை, கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. எனவே சோதனை முறைகளை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாலும், சோதித்த காசு நம் கண்ணை விட்டு அகலாமல் நம் கைக்கே வந்து சேர வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். பத்துக் காசு வாங்கினால் பத்தையும் சோதிக்க வேண்டும். எந்தக் காசைச் சோதிப்பது என்பதை விற்பவர் தேர்ந்தெடுக்க விடக் கூடாது. சோதித்து முடித்த காசு ஒரு நிமிடம்கூட மீண்டும் அவர் பைக்குள் போய்த் திரும்பக் கூடாது. 'துடைத்துத் தருகிறேன்' என்று வாங்கினாலும் சரி, திரும்பி வந்ததைப் புதிய காசாகவே கருதி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி காசுக்கு வருவோம். நம் ஊரில் கைமாறும் பழைய தங்கக் காசுகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் சவரன்கள் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். இப்போது நாம் காணும் வடிவத்தில் சவரன் 1817-இல் தொடங்கியது. எடை 7.988 கிராம், அதைத்தான் நாம் எட்டு கிராம் என்று முழுமையாக்கிப் பவுன் என்கிறோம். குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் 1.52 மில்லிமீட்டர், மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, 22 காரட். அரைச் சவரன் 3.99 கிராம், குறுக்களவு 19.3 மில்லிமீட்டர். நூறு ஆண்டுகள் கையிலும் கழுத்திலும் தேய்ந்த காசில் எடை சற்றுக் குறையலாம். 7.9 கிராமுக்குச் சிறிது மேலே இருந்தால் தேய்மானம் என்று ஏற்கலாம்; 7.7 என்று காட்டினால் தேய்மானம் என்ற பேச்சுக்கு இடமில்லை. எட்டு கிராமைத் தாண்டிய பழைய சவரனும் சந்தேகத்துக்கு உரியதே, ஏனெனில் தேய்ந்த காசுக்கு எடை கூட வழியில்லை.

இதற்கு வேண்டிய கருவிகள் இரண்டு: நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின் தராசு, குறுக்களவையும் கனத்தையும் அளக்கும் ஒரு டிஜிட்டல் காலிப்பர். இரண்டையும் சேர்த்து வாங்க ஆகும் செலவு, ஒரு கிராம் தங்கத்தின் விலையில் சிறு பகுதிதான். தராசு விற்பவருடையதாக இருந்தால் அதை நம்பக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். நம்முடைய தராசாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒருமுறை சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டு நிறமுள்ள பத்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம் இருக்கும். சவரனின் எடைக்கு மிக அருகில் இருப்பதால், வீட்டில் ஒரு நாணயத்தை நிறுத்து அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனால் எடைக்கல் வேறு தேவைப்படாது.

எடையை மட்டும் பார்ப்பதும் அளவை மட்டும் பார்ப்பதும் வீண். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் போலி அகப்படும், ஏனெனில் தங்கத்தின் அடர்த்திக்கு அருகில் வரும் மலிவான உலோகங்கள் மிகக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3, செம்பு கலந்த 22 காரட் தங்கம் 17.7 அளவில் இருக்கும். ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 9-க்குச் சற்றுக் கீழே, பித்தளை இன்னும் குறைவு. சவரனின் அதே குறுக்களவிலும் கனத்திலும் பித்தளையில் ஒரு காசு அடித்து முலாம் பூசினால் அது நான்கு கிராம்கூடத் தேறாது. ஈயத்தில் செய்தாலும் ஐந்து கிராமைச் சற்றே தாண்டும். எடையை எட்டு கிராமுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பித்தளைக் காசைச் சுமார் இரண்டு மடங்கு தடிமனாக்க வேண்டும், அப்போது காலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தைவிட மிக மலிவாக இருந்தபோது, பிளாட்டினத்தில் சவரன் அடித்துத் தங்க முலாம் பூசி ஏமாற்றியவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்தப் போலிகள் இன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் ஆசையோடு வாங்குவார்கள் என்பது வேறு கதை. இன்றைக்குத் தங்கத்தின் அடர்த்திக்கு ஈடாகக் கிடைக்கும் மலிவு உலோகம் டங்ஸ்டன். அது மிகவும் கடினமானது, நொறுங்கும் தன்மை உடையது. அச்சில் வைத்து நேர்த்தியாகக் காசு அடிப்பதற்கு இணங்காது. ஆகையால் டங்ஸ்டன் பயம் பெரிய கட்டிகளுக்கே அதிகம் பொருந்தும், எட்டு கிராம் காசுக்கு அவ்வளவாக இல்லை.

எடையும் அளவும் சரியாக இருந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீரில் பார்க்கலாம். மின் தராசின் மேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் தம்ளரில் முக்கால் அளவு தண்ணீரை வைத்து, தராசின் எண்ணைச் சுழியாக்கிக்கொள்ள வேண்டும். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, தம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிட வேண்டும். காசின் மேல் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்குத் தப்பும் என்பதால் ஒரு தரம் மெல்ல ஆட்டிவிட்டுப் பார்ப்பது நல்லது. இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. அசல் சவரனுக்கு அது 0.45 கிராம் அளவில் நிற்கும். காசின் எடையை அதனால் வகுத்தால் 17.7-க்குப் பக்கத்தில் விடை வரும். அதே எடையுள்ள வெள்ளிக் காசானால் 0.76 என்றும், பித்தளையானால் 0.9-க்கு மேலும், 18 காரட் தங்கமானால் 0.51 அளவிலும் காட்டும். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் ஒரு புள்ளி முன்னே பின்னே ஆவது சகஜம். ஆகவே 22 காரட்டையும் 21 காரட்டையும் இந்த முறையால் பிரித்தறிய முடியாது. அதற்கு மேலான ஏமாற்றுகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம், அதுவும் காசின் மேல் ஒரு கீறலும் விழாமல்.

காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டினால் காசு போலி என்பது உண்மை. ஒட்டாவிட்டால் அசல் என்று எடுத்துக்கொள்வதுதான் பிசகு. பித்தளை, செம்பு, ஈயம், வெள்ளி எதுவுமே காந்தத்தில் ஒட்டுவதில்லை. சுண்டிப் பார்த்து ஓசையைக் கேட்பதும் பழகிய காதுக்கு உதவும். என்றைக்கோ ஒரு முறை காசு வாங்குபவர்கள் அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

காசின் முகத்தைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சவரனில் ஆண்டும் அரசரின் தலையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். முக்காடிட்ட முதிய விக்டோரியா 1893 முதல் 1901 வரை. ஏழாம் எட்வர்ட் 1902 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல். 1932-க்குப் பிறகு 1957 வரை புழக்கத்துக்கென்று புதிய ஆண்டு பொறித்த சவரன்கள் வெளிவரவே இல்லை. 1937-இல் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டுக்காகச் சேகரிப்பாளர்களுக்கென்று அடித்தவை மட்டும் விலக்கு. ஆகவே 1940 என்றோ 1945 என்றோ பொறித்த 'சவரனை' ஒருவர் நீட்டினால் தராசை எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

குதிரை வீரன் பறவைநாகத்தைக் குத்தும் பக்கத்தில், ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் அக்காசு எந்த நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் மிகச் சிறிய எழுத்து இருக்கும். சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்குப் பி, ஒட்டாவாவுக்கு சி, பிரிட்டோரியாவுக்கு எஸ்ஏ. எழுத்தே இல்லையென்றால் லண்டன். 1917-இல் லண்டனில் அடித்த காசு மிக அரிது என்பதால், அந்த ஆண்டும் எழுத்தில்லாத தரைக்கோடும் சேர்ந்து வந்தால் போலி என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். 1918 என்ற ஒரே ஆண்டைத் தாங்கி, ஐ என்ற ஆங்கில எழுத்தோடு சுமார் 13 லட்சம் காசுகள் அங்கிருந்து வெளிவந்தன. நம் நாட்டில் அடித்தது என்பதால் அதற்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. வேறு நாணயச் சாலையின் 1918 காசில் எழுத்தைச் சுரண்டி மாற்றவும் சிலர் துணிவார்கள். ஆகவே பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் அந்த எழுத்தைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடங்களைப் போலவே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே கண்ணாடியில் பார்க்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. அசல் காசு அச்சில் அழுத்தி அடிக்கப்பட்டது. எழுத்துகளின் ஓரம் தேய்ந்திருந்தாலும், வெற்றுத் தளத்திலிருந்து எழுத்து எழும்பும் மூலை தெளிவாக இருக்கும். ஆண்டுக்கு வலப்புறம் ஓரமாக, அச்சைச் செதுக்கிய பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சியின் பெயர் முதலெழுத்துகள் பொடியாகத் தெரியும். வார்த்துச் செய்த போலியில் அந்த மூலைகள் எல்லாம் சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கி இருக்கும். தளத்தில் ஊசிமுனை அளவுக் குழிகளோ சின்னஞ்சிறு மேடுகளோ தெரியும். விளிம்பின் பல்வரிசை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். சில வார்ப்புகளில் விளிம்பைச் சுற்றி இரண்டு பாதியும் சேர்ந்த தையல் கோட்டையே காணலாம்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய சவரன்களுக்கு உள்ளிருக்கும் தங்கத்தைவிட அதிக விலை கிடைத்ததால், இத்தாலியிலும் லெபனானிலும் ஏறக்குறைய சரியான தங்கத்தைக் கொண்டே போலிச் சவரன்களை அடித்தார்கள். எடை, அடர்த்தி, மாற்று எல்லாம் அவற்றில் தேறிவிடும். தங்கத்துக்காக வாங்குபவருக்கு அதனால் பெரிய நட்டம் இல்லை. ஆண்டுக்கும் எழுத்துக்கும் கூடுதல் விலை கொடுப்பவருக்குத்தான் அடி. என் தம்பிக்கு வேண்டியது தங்கம் மட்டுமே என்பதால், 'அரிய காசு' என்று சொல்லி யாராவது கூடுதலாகக் கேட்டால் எழுந்து வந்துவிடு என்று சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பத்தரிடமோ கடையிலோ காட்டிவிடுவது நல்லது. எனக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். அவர் காசை வாங்கியதும் கல்லில் தேய்ப்பதில்லை. முதலில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். பிறகு விளிம்பை உரைகல்லில் ஒரே இடத்தில் நான்கைந்து முறை அழுத்தி இழுப்பார். முதல் இழுப்பில் வரும் தடம் மேல் முலாமுடையதாக இருக்கலாம் என்பதால், கடைசி இழுப்பின் தடத்தைத்தான் கணக்கில் எடுப்பார். அதன் பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஊசியால் ஒரு கோடு இழுத்து, கண்ணாடிக் குச்சியால் இரண்டின் மேலும் ஆசிட்டைத் தொட்டு வைப்பார். பித்தளைத் தடம் பச்சையாகப் பொங்கி நொடியில் மறைந்துவிடும். மாற்றுக் குறைந்த தங்கத்தின் கோடு மெல்ல மங்கும். நல்ல தங்கத்தின் கோடு ஊசிக் கோட்டோடு சேர்ந்து அப்படியே நிற்கும். உரைத்தால் விளிம்பில் சிறு தேய்வு விழும் என்பதால் சேகரிப்புக் காசுகளை நான் கல்லுக்குக் கொடுப்பதில்லை.

இப்போது பெரிய கடைகளில் எக்ஸ்ரே முறையில் மாற்றுச் சொல்லும் இயந்திரம் இருக்கிறது. காசுக்கு ஒரு கெடுதலும் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே என்பதால், தடிமனாகத் தங்கம் போர்த்திய காசு அதை ஏமாற்றலாம். அடர்த்திச் சோதனையோ உள்ளே இருப்பதைச் சொல்லும், காரட்டைத் துல்லியமாகச் சொல்லாது. இயந்திரமும் தண்ணீர்த் தம்ளரும் ஒரே விடையைத் தந்தால் நிம்மதியாகப் பணத்தை எண்ணலாம்.

அட்டையில் பொதிந்து வரும் 24 காரட் புதுக் காசுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதியைப் பிரித்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று விற்பவர் சொல்வார். வாங்குபவரும் தயங்கிப் பிரிக்காமலே வாங்குவார். அந்தத் தயக்கம்தான் போலிக்காரரின் முதலீடு. அட்டையையும் பிளாஸ்டிக் பொதியையும் சான்றிதழையும் அச்சிடுவது தங்கத்தைச் செய்வதைவிடப் பல மடங்கு எளிது. முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போது பொதியைப் பிரித்துச் சோதிக்கச் சம்மதம் இல்லையென்றால் வாங்காமலே இருக்கலாம். ஹால்மார்க் இல்லையே என்று கேட்டால், காசுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பார்கள். அது உண்மைதான், 2021 ஜூன் முதல் நகைகளுக்குப் படிப்படியாகக் கட்டாயமாக்கிய ஆணையிலிருந்து கட்டிகளுக்கும் காசுகளுக்கும் விலக்கு உண்டு. ஹால்மார்க்கின் ஆறு இலக்க எண்ணெழுத்து அடையாளம் பொறித்திருந்தாலும் அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு, வரும் விவரத்தில் பொருளின் வகையும் மாற்றும் கையில் இருக்கும் காசோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மோதிரத்தின் எண்ணைக் காசில் பொறித்துவிட யாருக்கும் அதிக நேரம் ஆகாது.

காசுமாலையிலிருந்து பிரித்த காசுகளில் வளையம் பற்றவைத்த இடத்தில், பற்றவைக்கப் பயன்படுத்தும் பொடியின் கலப்பு இருக்கும். அங்கே மாற்றுக் குறைவாகவே காட்டும். அதற்காகக் காசு முழுவதையும் போலி என்று தள்ள வேண்டாம். அதே சமயம், மாலைகளுக்காக உள்ளூரிலேயே அச்சு வெட்டி அடித்த ராணி காசுகளும் நிறைய உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவை ஏமாற்றுவதற்கென்று செய்தவை அல்ல, ஆனால் சவரனின் எடையோ மாற்றோ அவற்றில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கடைசியாக இடமும் பணமும். பேருந்து நிலையம், தேநீர்க் கடை, விற்பவரின் வீடு, நிறுத்தி வைத்த கார் எதுவும் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த நகைக்கடையிலேயே சந்தித்து, சோதனைக் கட்டணத்தை நீங்களே கொடுத்து, அங்கேயே கைமாற்றிக்கொள்ளுங்கள். ஆள் வராமல் போனால் அதுவும் ஒரு விடைதான். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது என்பதால், நேர்மையான விற்பனையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பழைய பில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் காசின் ஆண்டு, எடை, விற்பவரின் அடையாள அட்டை விவரம் ஆகியவற்றோடு கையெழுத்திட்ட ஒரு தாளாவது வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் வாங்கியவரையும் குற்றவாளியாக்குகிறது. என் தம்பி இந்த நிபந்தனைகளை எழுதி அனுப்பியபோது, கடைக்கு வர நேரமில்லை என்றும் வேறு ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்றும் அந்த விளம்பரதாரரிடமிருந்து பதில் வந்தது. விளம்பரம் மட்டும் இன்னும் இருக்கிறது, பவுனுக்கு மேலும் இரண்டாயிரம் குறைத்து.